கிளிநொச்சி வெயிலில் ஒரு பவளத்தொட்டி: தண்ணீரை எப்போது மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது

கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்பு மோட்டர்களுக்குக் கொயில் சுற்றும் கடை வைத்திருக்கிறேன். கடை முகப்பில், கழற்றிப் போட்ட மோட்டர்கள் கிடக்கும் மேசைக்குப் பக்கத்தில், மூன்றடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டம்சல் மீன், ஒரு கோபி மீன், கொஞ்சம் நத்தை, துறவி நண்டு, கல்லெல்லாம் மென்பவளம். பயிர் காயுது என்று அவசரப்பட்டு மோட்டரோடு வருகிறவர்கள்கூட அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றுவிடுவார்கள். பிறகு கேள்வி வரும்: "அண்ணை, இதுக்கு எத்தினை நாளைக்கு ஒருக்காத் தண்ணி மாத்திறனீங்கள்?"

"கிழமைக்குப் பத்து வீதம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். நின்று கேட்பவருக்கு அது போதும். சொந்தமாகத் தொட்டி வைக்கப் போகிறவருக்குப் போதாது. அப்படி இரண்டு தம்பிமார் இப்போது வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தொட்டியில் உண்மையில் எத்தனை லீற்றர் தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். என் தொட்டி 90 சென்ரிமீற்றர் நீளம், அகலமும் உயரமும் 45. பெருக்கிப் பார்த்தால் 182 லீற்றர். கல்லும் மணலும் பிடித்த இடம், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போகக் கிடைப்பது 140தான். தொட்டியை முதன்முதலாக நிரப்பும்போது வாளிக் கணக்கை எழுதி வைத்தால் இதில் குழப்பம் வராது. இனி நான் சொல்லும் வீதமெல்லாம் இந்த 140இல்தான்.

அடுத்தது, ஊற்றுவதும் மாற்றுவதும் இரண்டு வேலை. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பாதிப் பேர் கெடுக்கிறார்கள். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்த மட்டத்துக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே, மேலே ஒரு சின்ன விசிறியும் ஓடினால், என் தொட்டியில் ஒரு நாளைக்கு 3 லீற்றர் போய்விடும். கடலின் அளவான 35இல் (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த உப்பு மறுநாள் 35.8. ஒருநாளில் ஒன்றும் ஆகாது. ஒரு கிழமை யாரும் ஊற்றாமல் விட்டால் 21 லீற்றர் போய், உப்பு 41ஐத் தாண்டும். ஒரு கலியாணத்துக்குப் போய் வந்து நான் பார்த்த கணக்கு அது. தோற்பவளம் என்ற மென்பவளம் தோல் உரித்த மாதிரி சுருண்டு கிடந்தது. பதறிப்போய் ஒரேயடியாக நன்னீரை ஊற்றி 35க்கு இறக்காமல் இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியதால் தப்பியது. கண்ணாடியில் ஒரு துண்டு ரேப் ஒட்டி மட்டத்தைக் குறித்து வையுங்கள். கடை திறந்தவுடன் விளக்கு வைக்கிற மாதிரி, அந்தக் கோடு வரைக்கும் நன்னீர் ஊற்றுவதும் தினமும் நடக்க வேண்டும். இதற்கு லீவு கிடையாது. தண்ணீர் மாற்றுவதற்குத்தான் லீவு உண்டு.

விசிறி வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். சித்திரை, வைகாசியில் கடைக்குள் 34, 35 பாகை நிற்கும்போது தொட்டி 31க்கு ஏறிவிடும். பவளம் நாள்கணக்கில் 30க்கு மேல் நின்றால் வெளுக்கத் தொடங்கும். மேற்பரப்பில் காற்று அடித்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். அதற்கு விலை அந்த 3 லீற்றர்.

சரி, எதற்காகத் தண்ணீரை மாற்றுகிறோம்? மீன் தின்று கழித்ததும், தின்னாமல் விட்ட சாப்பாடும் கடைசியில் நைத்திரேற்றாகவும் பொசுபேற்றாகவும் தேங்கும். கூடவே பவளமும் கல்லில் படரும் ஊதாப் பாசியும் கல்சியத்தையும் காரத்தன்மையையும் (தண்ணீரில் கரைந்திருக்கும் காபனேற்று) கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். தேங்கியதை எடுத்துக் குறைந்ததைக் கொடுப்பதுதான் வேலை.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் தொட்டியில் கிழமைக்கு 4 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 4 பங்கு) நைத்திரேற்று சேர்கிறது என்று வையுங்கள். நீங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் 10 வீதம் மாற்றுகிறீர்கள். நைத்திரேற்று எங்கே போய் நிற்கும்? நாற்பதில். அங்கே நிற்கும்போது மாற்றினால் 4 குறையும், அடுத்த கிழமைக்குள் அதே 4 திரும்பச் சேரும். வருடக்கணக்கில் மாற்றினாலும் நாற்பதுதான். 20 வீதம் மாற்றினால் இருபதில் நிற்கும். ஒரு வாளியோடு இன்னொரு வாளி தூக்கியும் அவ்வளவுதான். அதைவிட, கிழமைக்குச் சேரும் 4ஐ 2 ஆக்கினால், பழைய 10 வீதத்திலேயே இருபதில் நிற்கும். எப்படி ஆக்குவது? சாப்பாட்டைப் பாதியாக்குவது. நான் இறாலைப் பொடியாக வெட்டிக் கட்டியாக உறைய வைத்துப் போடுகிறேன். முன்பு உருகிய தண்ணீரோடு சேர்த்துக் கொட்டுவேன். இப்போது தேத்தண்ணி வடியில் போட்டு, உருகிய தண்ணீரை ஊற்றிவிட்டு, இறாலை மட்டும் போடுகிறேன். அந்த ஒரு வடியே எனக்கு ஒரு வாளி மிச்சம் பிடித்துத் தந்தது. புது வடி ஒன்று குசினிக்கு வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று, அது வேறு கதை.

இந்தக் கணக்கை நான் விரும்பிப் படிக்கவில்லை. 2022இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியபோது, கொழும்பில் நான் வழமையாக வாங்கும் கடையில், மாற்றும் தண்ணீரில் கரைக்கும் உப்பு வாளி இல்லை. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டு. பழைய மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஒரு காற்றுப் பம்பை ஓட்டி மீனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது ஐந்தாறு கிலோ உப்பு. கிழமைக்கு அரைக் கிலோ என்றால் மூன்று மாதமும் வராது. அதனால் மூன்று கிழமைக்கு ஒருமுறை என்று நீட்டினேன். சாப்பாட்டை ஒன்றுவிட்ட ஒருநாள் ஆக்கினேன். தொட்டி செத்துவிடும் என்றுதான் நினைத்தேன். கிழமைக்கு ஒருமுறை பரிசோதித்து, மோட்டர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். நைத்திரேற்று 10இலிருந்து 15 வரை ஏறியது, அங்கேயே நின்றது. காரத்தன்மை (டி.கே.எச். என்ற அலகில்) 8.5இலிருந்து 7.6க்கு இறங்கியது. பவளம் வழமைபோல விரிந்தது. ஒன்றும் சாகவில்லை. அதுவரைக்கும் நான் நாட்காட்டியைப் பார்த்துத் தண்ணீர் மாற்றியிருக்கிறேன், தொட்டியைப் பார்க்கவில்லை.

ஆகவே உங்கள் இடைவெளியை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். புதுத் தொட்டி என்றால், அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகும் வரை, அதாவது முதல் நாலைந்து கிழமை, உள்ளே உயிர் எதுவும் இல்லாதபோது தண்ணீரை மாற்றித் தொந்தரவு செய்யாதீர்கள். அந்த இரண்டையும் நைத்திரேற்றாக மாற்றும் பக்ரீரியா குடியேறட்டும். முடிந்தபின் ஒருமுறை பெரிதாக மாற்றிவிட்டு மீனை விடுங்கள். அங்கிருந்து முதல் வருடம் முழுக்க, கிழமைக்குப் பத்து வீதம். தொட்டி இன்னும் நிலைகொள்ளாத காலம் அது. உங்களுக்கும் கை பழக வேண்டும். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் நைத்திரேற்றும் காரத்தன்மையும் பாருங்கள். வருடம் முடிந்து, கடைசி எட்டுப் பத்துக் கிழமைக் கணக்கில் நைத்திரேற்று 5க்கும் 15க்கும் இடையில் ஆடாமல் நின்றால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று நீட்டிப் பாருங்கள். ஏறினால் முதலில் சாப்பாட்டைக் குறையுங்கள், பிறகு பழையபடி கிழமைக்கு வாருங்கள். 40 லீற்றர் மாதிரிச் சின்னத் தொட்டி என்றால் நீட்டவே வேண்டாம். சின்னச் சட்டி சீக்கிரம் கொதிக்கும்.

நைத்திரேற்று பூச்சியம் என்றால் சந்தோசப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் நல்லதில்லை. பவளத்துக்கும் கொஞ்சம் சாப்பாடு வேண்டும். நைத்திரேற்றும் பொசுபேற்றும் இரண்டும் பூச்சியத்துக்குப் போன தொட்டியில் மணல்மேல் சளிமாதிரிப் பழுப்புப் படலம் ஒன்று வந்து உட்காரும். அதை விரட்டுவது பாசியை விரட்டுவதைவிடக் கஷ்டம். அந்த நேரம் தண்ணீரை இன்னும் இன்னும் மாற்றினால் இன்னும் இன்னும் கூடும்.

இரண்டு மூன்று முறை தவறிவிட்டது என்று சேர்த்துவைத்து ஒரேயடியாகப் பாதித் தொட்டியை மாற்றாதீர்கள். உப்பு வாளியிலிருந்து கரைத்த புதுத் தண்ணீரின் காரத்தன்மை 12, உங்கள் தொட்டியில் 8 என்று வையுங்கள். பத்து வீதம் மாற்றினால் 8.4. பாதி மாற்றினால் ஒரே மணித்தியாலத்தில் 10. விட்ட தவணையை விட்டுவிட்டு, இந்தக் கிழமைக்குரியதை மட்டும் செய்யுங்கள்.

பெரிதாக மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. நஞ்சு விழுந்தால். என் கடையில் விழுந்தது. உப்புக் கரைக்கும் பீப்பாய்க்குள் சுழற்றுவதற்கு நான் ஒரு பழைய சின்னப் பம்பைப் போட்டிருந்தேன். திருத்த வந்து எடுக்காமல் போனது. தண்ணீர் போகும் வாய் பித்தளை. தொழிலே செம்புக் கம்பி சுற்றுவது, இது தெரியாமல் போச்சே என்று இப்போதும் வெட்கம்தான். உப்புத் தண்ணீரில் ஓர் இரவு பித்தளை கிடந்தால் செம்பு கரையும். மீன் தாங்கும் அளவைக்கூட நத்தையும் நண்டும் பவளமும் தாங்காது. மறுநாள் பின்னேரம் நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று மல்லாந்து கிடந்தன. மீன்கள் ஒன்றும் தெரியாத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துத்தான் செம்பு என்று பொறி தட்டியது. இரண்டு நாளில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 வீதம் மாற்றி, செயற்படுத்திய கரி ஒரு பையில் கட்டிப் போட்டேன். மூன்று முறை மாற்றியும் பழைய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே இருக்கும், கணக்குப் பாருங்கள். ஆறு நத்தை போயிற்று. பவளம் விரிய மூன்று கிழமை எடுத்தது. கம்பி சுற்றிய கையை முழங்கை வரை கழுவாமல் அதற்குப் பிறகு தொட்டிக்குள் விட்டதில்லை.

இனித் தண்ணீர். வன்னியில் கிணற்றுத் தண்ணீரை நேரே எடுக்கவே கூடாது. கேத்திலுக்குள் வெள்ளைப் படிவு பார்த்திருப்பீர்கள். மோட்டர் பம்புகளுக்குள் அதைச் சுரண்டி எடுத்துத்தான் என் பிழைப்பு பாதி நடக்கிறது. வயல் கரைக் கிணறு என்றால் உரத்து நைத்திரேற்றும் கூட இருக்கலாம், குழாய்க்கிணறு என்றால் இரும்பு. என் வீட்டுக் கிணறு ரி.டி.எஸ். மீற்றரில் (தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் கருவி) 640 காட்டும். சிறுநீரக நோய்ப் பயத்தில் ஊருக்கு ஊர் ஆர்.ஓ. (சவ்வால் வடிகட்டிய) தண்ணீர் நிலையங்கள் வந்ததால் நமக்கு வேலை சுகமாயிற்று. கானைக் கொண்டுபோய் நிரப்பலாம். ஆனால் மீற்றரையும் கொண்டு போங்கள். நான் எடுக்கும் இடத்தில் வழமையாக 25, 30 காட்டும். ஒருநாள் 140 காட்டியது, வடிகட்டிச் சவ்வு மாற்ற வேண்டிய காலம். குடிப்பதற்கு அது ஒன்றும் செய்யாது, தொட்டிக்கு எடுக்காமல் திரும்பிவிட்டேன். வீட்டில், மிச்சமாகக் கரைந்திருப்பதையும் பிடித்துவிடும் ஒரு சின்ன டி.ஐ. பிசின் குழாய் பூட்டி, அதற்குள்ளால் விட்டு, பூச்சியத்துக்கு இறக்கியபிறகுதான் பாவிக்கிறேன். என் அம்மா இதைப் பார்த்துச் சொன்னது: "குடிக்கிற தண்ணியைக் காசு குடுத்து வாங்கி, அதுக்குள்ள உப்பைக் கொட்டுறான் இவன்."

ஆனையிறவு பக்கத்தில்தானே, அங்கத்தைய உப்பு போடலாமே என்றும் கேட்கிறார்கள். போட முடியாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படியும். அதற்குப் பிறகுதான் கறியுப்பு விளையும். மகனீசியமும் பொட்டாசியமும் நிற்கும் கசப்புத் தண்ணீரைக் கடைசியில் வெளியே விட்டுவிடுவார்கள். ஆகவே கையில் வரும் உப்பு கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைட்டு. சமைக்க அதுதான் நல்லது. திரும்பத் தண்ணீரில் கரைத்தால் கடல் வராது. பவளத்தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்புதான் வேண்டும்.

கடல்நீரையே எடுத்தால்? பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவு ஐம்பது கிலோமீற்றர்தான். 2022இல் இரண்டு முறை அதையும் செய்தேன். வைகாசியில், தெரிந்த ஒருவரின் படகில் கரையை விட்டு நல்ல தூரம் போய் எடுத்தது 34 காட்டியது, நல்ல தண்ணீர். மார்கழியில் கரையில் நின்று எடுத்தது 30கூட இல்லை. மாரியில் நந்திக்கடல் பெருகி வட்டுவாகலால் வெள்ளம் கடலுக்குள் இறங்கும், நாயாற்றிலும் அப்படித்தான். வெள்ளத்தோடு வயல் மருந்தும் சேறும் வரும். அதோடு அந்தக் காலத்தில் வங்காள விரிகுடாத் தண்ணீரே உப்புக் குறைவாகத்தான் எங்கள் கரைக்கு வரும். முல்லைத்தீவில் இருந்து, கடலுக்குப் போகும் ஆளும் தெரிந்திருந்தால், சோளக காலத்தில் எடுங்கள். மாரியில் வேண்டாம். கடலுக்குப் போன கையோடு பவளக்கல்லையும் உடைத்து வரலாம் என்று யாராவது சொன்னால், அது சட்டப்படி குற்றம். என் பவளமெல்லாம் கொழும்பில் தொட்டியிலேயே வளர்த்துத் துண்டு வெட்டிக் கொடுக்கும் ஒரு நண்பரிடம் வாங்கி, ஏ-9 வீதியில் இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை.

மாற்றும் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கடை பூட்டும்போது பீப்பாயில் 15 லீற்றர் நன்னீர் விட்டு, பிளாஸ்ரிக் பம்பை ஓடவிட்டு, 550 கிராம் உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுவேன். தண்ணீருக்குள் உப்பைப் போட வேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால், அடியில் கட்டியாக நிற்கும் இடத்தில் கல்சியம் சுண்ணாம்பாகிப் படிந்து பால் நிறமாகிவிடும், பிறகு கரையாது. சில வகை உப்பை நீண்ட நேரம் சுழலவிடக் கூடாது என்று வாளியிலேயே எழுதியிருப்பார்கள், அதை வாசியுங்கள். மாரி காலத்தில் உப்பு வாளியை இறுக்கி மூடாவிட்டால் ஈரம் குடித்துக் கனக்கும், தராசுக் கணக்கு பிழைக்கும். ஆகவே தராசை நம்பாமல் காலையில் உப்புமானியில் பார்ப்பேன். அதன் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு மூடி, வெளிச்சத்துப் பக்கம் தூக்கிக் கண்ணை வைத்தால் மேலே நீலம், கீழே வெள்ளை தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடு 35இல் நிற்க வேண்டும். அந்தக் கருவியை 35க்கென்று விற்கும் திரவத்தால் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். நன்னீர் விட்டுப் பூச்சியத்தில் மட்டும் சரிபார்த்த என் முதல் கருவி மேலே இரண்டு புள்ளி பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

சூட்டையும் பாருங்கள். மதியம் தகரத்துக்குக் கீழே நின்ற பீப்பாய்த் தண்ணீர் 33 இருக்கும், அதை 27இல் இருக்கும் தொட்டிக்குள் விடக் கூடாது. காலை ஏழு மணிக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், அதனால்தான் சனிக்கிழமைக் காலை.

பம்புகளை நிறுத்திவிட்டு, பெரிய சிரிஞ்சால் கல் இடுக்குகளில் ஊதுவேன். புழுங்கலுக்கு நெல் அவித்த தண்ணீர் மாதிரிப் பழுப்புப் புகை எழும்பும். அந்தப் புகை இருக்கும் இடத்துக்கே குழாய் வாயைக் கொண்டுபோய் உறிஞ்ச வேண்டும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை எடுத்து 15 லீற்றர் கணக்கு முடித்தால் அழுக்கு அப்படியே இருக்கும். மணலில் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் கிளறுவேன். கையில் காயம் இருந்தால் பொத்தான் பவளத்தைத் தொடாதீர்கள், சில வகைகளில் கொடிய நஞ்சு உண்டு. நான் றப்பர் கையுறை போடுகிறேன். ஊற்றும்போது மெதுவாக, கல்லில் பட்டு வழியும்படி. எல்லாம் முக்கால் மணித்தியாலம்.

எடுத்த தண்ணீரை எங்கே கொட்டுவது? யாரும் கேட்காத கேள்வி, ஆனால் 15 லீற்றரில் அரைக் கிலோ உப்பு இருக்கிறது. கிணற்றடியில் கொட்டவே கூடாது. தென்னைக்கு உப்புப் போடுவது ஊர் வழக்கம்தானே என்று நான் கொஞ்சக் காலம் வீட்டுத் தென்னையடியில் கொட்டினேன். தென்னை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் நின்ற கறிவேப்பிலை பட்டுப்போயிற்று. "இஞ்சாருங்கோ, மீனுக்கு நல்ல தண்ணி, என்ர கறிவேப்பிலைக்குக் கழிவோ?" என்று கேட்டுவிட்டு மனைவி இரண்டு நாள் கதைக்கவில்லை. இப்போது வீதியோர வடிகாலில்தான். புதுக் கன்று ஒன்று வாங்கி நட்டிருக்கிறேன். கானில் மிஞ்சும் ஆர்.ஓ. தண்ணீர் அதற்கு.